நீதிமானாக்கப்படுதலை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது? தீர்ப்பு, மாற்றம், ஐக்கியம்

ரோமருக்கு எழுதின நிருபத்தை எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் பன்னிரண்டு வாரங்கள் நடத்தும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. அந்த நிருபத்தை நடத்துகிற எவரும் முதல் வாரத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று பவுல் எழுதும்போது, குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனை விடுதலை செய்து நியாயாதிபதி கூறும் தீர்ப்பைச் சொல்கிறாரா, பாவியை உள்ளிருந்து திருத்தி உண்மையிலேயே நீதியுள்ளவனாக மாற்றுவதைச் சொல்கிறாரா, அல்லது கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டு அவருடைய ஜீவனில் பங்குபெறுவதைச் சொல்கிறாரா? மூன்றும் வேதத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எதை அடித்தளமாக வைத்து மற்ற இரண்டையும் அதன்மேல் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான், கேட்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் நற்செய்தியின் உருவம் அமைகிறது.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டின் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். சீர்திருத்தவாதி லூத்தர் ஒரு பக்கம், அதற்கு எதிராக 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணை மறுபக்கம் என்று நிறுத்திவிட்டால், தீர்ப்பு, மாற்றம் என்ற இரண்டு மட்டுமே களத்தில் நிற்கும். ஐக்கியம் ஏதோ தியான வாழ்க்கைக்குரிய தனிப் பாடம்போல ஒதுங்கிவிடும். ஆகவே அந்தச் சண்டைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே போய், முதல் ஐந்து நூற்றாண்டுகளின் சபைப் பிதாக்கள், அதாவது ஆதிச் சபையின் பெரும் போதகர்கள், இந்த மூன்றையும் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது என் முடிவுக்குப் பெரிதும் உதவியது. அதே முடிவை எடுக்கவேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்காக அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் கையிலிருக்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர்களுக்கு "நீதிமானாக்கு" என்பதே பழக்கம். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "கடவுளுக்கு ஏற்புடையவராக்கு" என்கிறது. முதற்சொல்லில் "ஆக்கு" என்ற வினை இருப்பதால், அது மாற்றத்தையே குறிக்கிறது என்று தமிழ்க் காது உடனே எடுத்துக்கொள்கிறது. சோற்றை ஆக்குவதுபோல, மண்ணைப் பானையாக்குவதுபோல, பாவியை நீதிமானாக ஆக்குவது. ஆனால் அதே பழைய மொழிபெயர்ப்பில் நீதிமொழிகள் 17:15-ஐ எடுத்துப் பாருங்கள். துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்று அங்கே வருகிறது. துன்மார்க்கன் ஒருவனைத் திருத்தி நல்லவனாக மாற்றுவது எப்படி அருவருப்பாகும்? அங்கே பேசப்படுவது நியாயஸ்தலத்தில் விலைபோன நீதிபதி குற்றவாளியைக் குற்றமற்றவன் என்று தீர்ப்பதைத்தான். எனவே நம் தமிழ்ச் சொல்லே இரண்டு பொருளையும் தாங்கி நிற்கிறது. பவுல் பயன்படுத்திய திகாயோ என்ற கிரேக்க வினையும் அப்படிப்பட்டதே: லூக்கா 7:29-இல் ஜனங்கள் தேவனை நீதிபரர் என்று அறிக்கையிடும் இடத்திலும் அதே வினைதான் நிற்கிறது, தேவனை யாரும் நீதியுள்ளவராக மாற்றிவிட முடியாது.

இதனால் முதல் வழியாகிய தீர்ப்புக்கு மொழியளவில் உறுதியான பிடிமானம் இருக்கிறது. நீதிமொழிகள் கண்டிப்பதையே ரோமர் 4:5-இல் தேவன் செய்கிறார் என்பதுதான் பவுலின் அதிர்ச்சியூட்டும் செய்தி. அவர் பாவியை நீதிமானாக்குகிறவர். ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக "எண்ணப்பட்டது". எட்டாம் அதிகாரத்தின் முடிவில் குற்றஞ்சாட்டுகிறவன் யார், ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார் என்று பவுல் கேட்பதும் முழுக்க முழுக்க நியாயஸ்தலத்தின் மொழி.

ஆதிச் சபையில் இந்த மொழி இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. ஏறக்குறைய 96-ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய, கிளெமெந்துவின் பெயரால் வழங்கும் கடிதம், நாம் நம்மாலோ, நம் ஞானத்தாலோ, நம் பக்தியாலோ, பரிசுத்த இருதயத்தோடு செய்த கிரியைகளாலோ நீதிமான்களாக்கப்படுவதில்லை, விசுவாசத்தினாலேயே என்று 32-ஆம் அதிகாரத்தில் தெளிவாகச் சொல்கிறது. அதே கடிதம் இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால், வாய்ச்சொல்லால் அல்ல கிரியைகளாலேயே நீதிமான்களாக்கப்படுகிறவர்களாக இருப்போம் என்றும் சொல்கிறது! எழுதியவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. நான்காம் நூற்றாண்டில் புவாத்தியே நகரத்து ஹிலாரி, மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரையில் "விசுவாசம் மட்டுமே நீதிமானாக்குகிறது" என்று லத்தீனில் எழுதினார். அவருக்கும் முன்னே, மூன்றாம் நூற்றாண்டில் வேத விளக்கவுரையாளர் ஓரிகன் ரோமர் 3:28-ஐ விளக்கியபோது, கிரியை எதுவும் செய்ய நேரமில்லாமலே விசுவாசத்தால் மட்டும் நீதிமானாக்கப்பட்டவனுக்கு உதாரணமாகச் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் காட்டினார். அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இந்த வழியின் பலத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் சொட்டு மருந்து. ஜெபம் செய்துவிட்டு எழுந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐயா, சின்ன வயசுல நான் செஞ்சது ஒண்ணு இருக்கு. அது என் கணக்குலருந்து எடுபட்டிருக்குமா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவரிடம் நீங்கள் படிப்படியாக மாற்றப்பட்டு வருகிறீர்கள் என்று சொல்வது கொடுமை. கிறிஸ்துவின் ஜீவனில் பங்குபெறுவதைப் பற்றிய விளக்கமும் அவருக்கு எட்டியிருக்காது. "எடுபட்டுப்போச்சு பாட்டி. கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லைன்னு எழுதியிருக்கு" என்று சொன்னேன். கையை விட்டார். கலங்கிய மனச்சாட்சிக்கு முதலில் தேவைப்படுவது தீர்ப்பு என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகமில்லை.

ஆனாலும் இந்த வழியை அடித்தளமாக வைத்துப் பன்னிரண்டு வாரம் நடத்தினால் வரும் இடறலும் எனக்குத் தெரியும். மூன்றாவது வாரத்தில் ஒருவர் எழுந்து, எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்றால் பிறகு எதற்குத் திருந்த வேண்டும் என்று கேட்பார். ரோமர் 6:1-இல் பவுலே அந்தக் கேள்வியை எழுப்புகிறார், எனவே கேட்கிறவர்மேல் குறை இல்லை. குறை என்னவென்றால், தீர்ப்பை மட்டும் வைத்திருப்பவரிடம் அதற்கு வலுவான பதில் இருப்பதில்லை; நன்றியுணர்வினால் திருந்த வேண்டும் என்று மட்டுமே சொல்ல முடிகிறது. பவுல் அங்கே நன்றியைப் பற்றிப் பேசவில்லை. கிறிஸ்துவோடு மரித்து, அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு, அவரோடு இணைக்கப்பட்டிருக்கிறோம் என்று பேசுகிறார். மேலும், பிதாக்கள் எழுதிய "விசுவாசம் மட்டுமே" என்ற வாக்கியங்களைப் பிடுங்கி 16-ஆம் நூற்றாண்டின் வாயில் வைப்பதும் நேர்மையாகாது. கள்ளனின் உதாரணத்தைச் சொன்ன ஓரிகன், மன்னிப்பு கடந்தகாலக் குற்றங்களுக்கே தரப்படுகிறது, இனி செய்யப்போகிறவற்றுக்கு அன்று என்றும் அதே இடத்தில் எச்சரிக்கிறார். அவர்களில் பலர் மனத்தில் வைத்திருந்தது ஞானஸ்நானத் தொட்டியின் வாசலில் நிற்கும் மனிதனை.

இரண்டாவது வழியாகிய மாற்றத்துக்கு, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்துப் பேராயர் அகஸ்தீனைவிடப் பெரிய வழக்கறிஞர் இல்லை. 412-ஆம் ஆண்டளவில் தம் நண்பரும் அரசு அதிகாரியுமான மார்செல்லினுவின் கேள்விக்குப் பதிலாக, ஆவியையும் எழுத்தையும் பற்றி அவர் எழுதிய நூலில், நீதிமான்களாக்கப்பட்டவர்கள் என்றால் நீதிமான்களாகச் செய்யப்பட்டவர்கள் என்பதைத் தவிர வேறென்ன பொருள் என்று கேட்கிறார். அவர் படித்தது லத்தீன் வேதம். லத்தீன் வினையாகிய யுஸ்டிஃபிகாரே, நீதியுள்ளவன் என்ற பெயரையும் செய் என்ற வினையையும் சேர்த்துக் கட்டியது, நம் "நீதிமான் ஆக்கு" போலவே. மொழியின் உருவமே அவரை அந்தப் பக்கம் இழுத்தது என்று சொல்வார்கள், அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அவருக்கு மறுபொருள் தெரியாமல் இல்லை. அதே பத்தியில் சில வரிகள் தள்ளி, நீதிமான்களாக்கப்படுவார்கள் என்பது நீதிமான்களாகக் கருதப்படுவார்கள், எண்ணப்படுவார்கள் என்ற கருத்திலும் சொல்லப்பட்டிருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். அகஸ்தீனை ஒரே வாக்கியமாகச் சுருக்கி மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்த வழியின் பெருமை, கிருபைக்கு அது கொடுக்கும் எடை. அகஸ்தீனின் காலத்துப் போதகரான பெலாகியுவும் அவர் வழியில் நின்றவர்களும், கட்டளையும் கிறிஸ்துவின் முன்மாதிரியும் கொடுக்கப்பட்டிருக்கின்றன, மனிதன் தன் சித்தத்தால் அவற்றைப் பின்பற்ற முடியும் என்றபோது, வெளியே நின்று கட்டளையிடும் எழுத்தால் யாரும் நீதிமானாவதில்லை என்பதே அகஸ்தீனின் பதில். ரோமர் 5:5-ஐ அவர் திரும்பத் திரும்ப எடுத்தார்: நமக்கு அருளப்பட்ட பரிசுத்த ஆவியினாலே தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது. தேவநீதி என்பது தேவன் தாம் நீதியுள்ளவராக இருக்கும் நீதியை மட்டும் குறிக்கவில்லை, அவபக்தியுள்ளவனை நீதிமானாக்கும்போது அவனுக்கு அவர் உடுத்தும் நீதி அது என்று அவர் விளக்கியது, கிரியைகளைப் பற்றிய பெருமையை வேரோடு பிடுங்குகிறது. கிழக்கிலும் இதே குரல் கேட்கிறது. அந்தியோகியாவில் ரோமர் நிருபத்தின்மேல் 32 பிரசங்கங்கள் செய்த யோவான் கிறிசோஸ்தோம், தேவனுடைய வல்லமை வெளிப்படுவது அவர் உயிருள்ளவர் என்பதில் மட்டுமன்றி மரித்தவர்களை உயிர்ப்பிப்பதிலும் இருக்கிறது, அதுபோல அவருடைய நீதி வெளிப்படுவது பாவப் புண்களால் அழுகிக்கிடந்தவர்களை அவர் சட்டென்று நீதியுள்ளவர்களாக்குவதில் இருக்கிறது என்றார். அந்தச் "சட்டென்று" என்ற சொல் முக்கியமானது. அவர் பார்வையில் மாற்றம் மெல்ல ஊறும் மருந்தாக மட்டும் இல்லை, உயிர்த்தெழுதலைப்போல ஒரே செயலாகவும் இருக்கிறது.

இந்த வழியின் விலை, கேட்கிறவரின் பார்வை தன்னையே நோக்கித் திரும்பிவிடுவது. நான் எவ்வளவு நீதிமானாகியிருக்கிறேன் என்ற கேள்வி எழுந்துவிட்டால் அதற்கு முடிவே இல்லை. உண்மையுள்ளவர்களுக்குத்தான் அது அதிகத் துன்பம் தரும். அலட்சியமானவர்கள் அதைக் கேட்பதே இல்லை. அகஸ்தீனே தம் முதிர்ந்த வயதில், தேவநகரத்தைப் பற்றிய பெருநூலின் 19-ஆம் புத்தகத்தில், இந்த வாழ்க்கையில் நம்முடைய நீதி நற்குணங்களின் நிறைவைவிடப் பாவமன்னிப்பிலேயே அடங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மாற்றத்தின் மிகப் பெரிய ஆசிரியர் கடைசியில் மன்னிப்பின்மேல் தலைசாய்த்ததை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை.

மூன்றாவது வழியாகிய ஐக்கியத்தில்தான் ஆதிச் சபையின் இருதயத்துடிப்பு உரக்கக் கேட்கிறது. சிமிர்னா நகரத்தில் சிறுவனாகப் பாலிகார்ப்பின் போதனையைக் கேட்டு வளர்ந்து, பின்னர் கால் என்ற நாட்டின் (இன்றைய பிரான்ஸ்) லியோன் நகரத்துப் பேராயரான ஐரேனியஸ், ஏறத்தாழ 180-இல் எழுதிய ஐந்து புத்தகங்களின் கடைசிப் புத்தக முன்னுரையில், கிறிஸ்து தமது அளவற்ற அன்பினால் நாம் இருக்கிறபடி ஆனார், தாம் இருக்கிறபடி நம்மை ஆக்கும்படிக்கு என்றார். அவர் தந்த ஒரு படம் எந்த வீட்டுக்கும் புரியும். உலர்ந்த மாவு தண்ணீரில்லாமல் ஒரே பிண்டமாகாது, அப்பமும் ஆகாது. அதுபோல வானத்திலிருந்து வரும் தண்ணீரில்லாமல் அநேகராகிய நாம் கிறிஸ்துவுக்குள் ஒன்றாக முடியாது. எங்கள் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது கவனித்திருக்கிறேன்: முதலில் விரலிடுக்கில் உதிரும் மாவு, தண்ணீர் சேரச்சேரக் கையோடு ஒட்டி, பிறகு கையைவிட்டுப் பிரிந்து தன்னோடு தான் ஒன்றாகிவிடுகிறது. ஐரேனியஸ் சொன்ன அந்தத் தண்ணீர் பரிசுத்த ஆவி.

இந்த வழிக்கும் முதல் வழிக்கும் இடையிலான வேறுபாட்டை மிகக் கூர்மையாகச் சொன்னவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ். ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அந்த மனிதர், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸின் சீடர்களுக்கு எதிராக எழுதிய இரண்டாம் உரையில், நம்மில் பலர் கேட்கத் துணியாத கேள்வியை எடுத்துக்கொள்கிறார். தேவன் ஒரு வார்த்தை சொல்லிச் சாபத்தை நீக்கியிருக்கலாமே, மனிதனாக வரவேண்டிய அவசியம் என்ன? அவருடைய பதில் இது. வார்த்தையால் மட்டும் நீக்கியிருந்தால் கட்டளையிட்டவரின் வல்லமை விளங்கியிருக்கும். ஆனால் மனிதன் மீறுதலுக்கு முன்பிருந்த ஆதாமைப்போலவே ஆகியிருப்பான், கிருபையை வெளியிலிருந்து பெற்றவனாக, அது தன் சரீரத்தோடு இணைக்கப்படாதவனாக. மறுபடியும் சர்ப்பம் ஏமாற்றினால் மறுபடியும் கட்டளை தேவைப்படும், அதற்கு முடிவிராது. வார்த்தையானவர் மனிதனானதைப் பற்றிய அவருடைய மற்றொரு நூலிலும் இதே எண்ணம் வருகிறது. பாவம் வெறும் குற்றமாக மட்டும் இருந்திருந்தால் மனந்திரும்புதல் போதுமாயிருந்திருக்கும், அதைத் தொடர்ந்து அழிவும் மனிதனுக்குள் புகுந்துவிட்டது என்கிறார். வைக்கோலை நெருப்பிலிருந்து தள்ளி வைக்கலாம். அப்போதும் அது வைக்கோல்தான், நெருப்புக்கு அஞ்சியபடியேதான் இருக்கும். அதைத் தீப்பிடிக்காத கல்நார் கொண்டு மூடிவிட்டால் நெருப்பைப் பற்றிய பயமே அதற்கு இல்லை. அந்த உவமையைப் படித்த நாளில் நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். நான் அதுவரை கற்பித்துவந்த நற்செய்தி வைக்கோலை நெருப்பிலிருந்து தள்ளி வைப்பதோடு நின்றிருந்தது.

ஆனால் ஐக்கியம் என்ற ஒரே பெயரில் ஆதிச் சபையில் இரண்டு பாதைகள் இருந்தன என்பதைக் கவனிக்காமல் இந்த வழியைத் தெரிந்தெடுக்கக் கூடாது. உன்னதப்பாட்டுக்கு ஓரிகன் எழுதிய விளக்கத்திலும், அதன்மேல் நீசாவின் கிரெகோரி செய்த 15 பிரசங்கங்களிலும், ஆத்துமா மணவாட்டியாக மணவாளனை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. கிரெகோரிக்கு அந்த ஏற்றம் முடிவில்லாதது, ஏனெனில் தேவன் முடிவில்லாதவர். அது மிக அழகான போதனை. ஆனால் அங்கே ஐக்கியம் பயணத்தின் இலக்கு, முன்னேறியவர்களுக்குரிய உயரம். அலெக்சாந்திரியாவின் சிரில் பேசும் ஐக்கியமோ பயணத்தின் தொடக்கம். உருகிய மெழுகோடு மெழுகைச் சேர்த்தால் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதைப்போல, திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் பெறுகிறவன் அவரோடு ஒன்றாகிறான் என்று யோவான் 6-ஆம் அதிகாரத்துக்கு எழுதிய விளக்கத்தில் அவர் சொல்கிறார். பந்திக்கு வரும் விதவைக்கும் கூலியாளுக்கும் பேராயருக்கும் அது ஒன்றே. வேதபாட வகுப்புக்கு நான் தெரிந்தெடுப்பது இந்த இரண்டாவது பாதையை. முதலாவதை அடித்தளமாக வைத்தால், கிரியைகளின் ஏணியை இறக்கிவைத்த கையாலேயே தியானத்தின் ஏணியைத் தூக்கி நிறுத்தியவர்களாவோம்.

தமிழில் கற்பிக்கிறவருக்கு இன்னொரு கவனமும் தேவை. தேவனோடு ஒன்றாதல் என்று சொன்னவுடன் நம் மக்கள் காதில், இறைவனோடு கலந்து ஒன்றாகிவிடும் சாயுச்சியமும் அத்வைதமும் ஒலிக்கும். "நாம் தெய்வமாகும்படி அவர் மனிதரானார்" என்ற அத்தனாசியுஸின் புகழ்பெற்ற வாக்கியத்தை விளக்கமின்றிச் சொல்வது ஆபத்து. அவரே வகுத்த எல்லை தெளிவானது: குமாரன் இயல்பினால் குமாரன், நாமோ கிருபையினால், புத்திரசுவிகாரத்தினால் பிள்ளைகள். படைத்தவருக்கும் படைக்கப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாடு எந்தக் கட்டத்திலும் அழிவதில்லை. அந்த வேறுபாடு இல்லாவிட்டால் கிருபை என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போய்விடும். கோயம்புத்தூர்ப் பேராயராகப் பணியாற்றிய ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975), யோவான் நற்செய்தியைப் பக்தி மரபின் மொழியில் விளக்க முயன்றபோது இதே இடத்தில்தான் கோடு போட்டார். விசுவாசி அடையும் ஐக்கியத்தை அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுபடும் ஐக்கியமாக அவர் கண்டார், சாரத்தில் கரைந்துபோவதாக அன்று. அத்தனாசியுஸ் பேசும் சரீரப்பிரகாரமான பங்குபெறுதலுக்கு அது முழுதும் ஈடாகாது என்பது என் எண்ணம், ஆனாலும் எங்கே தவறக் கூடாது என்பதைக் காட்டும் நல்ல கைகாட்டி.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியமான குறை, குற்றம், கடன், தீர்ப்பு என்பவை இதில் மங்கிப்போகின்றன என்பது. பிதாக்களைக் கவனமாகப் படித்தால் அப்படி ஆகவேண்டிய கட்டாயமில்லை. மாவையும் தண்ணீரையும் சொன்ன ஐரேனியஸே, ஒரு மரத்தினால் தேவனுக்குக் கடனாளிகளான நாம் மரத்தினாலேயே அந்தக் கடனுக்கு மன்னிப்பைப் பெறுகிறோம் என்று ஐந்தாம் புத்தகத்தில் எழுதுகிறார். இன்னும் அருமையான சாட்சி, யார் எழுதியது என்றே தெரியாத, தியோக்னேத்துவுக்கு எழுதிய கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரம். அதற்கு எஞ்சியிருந்த ஒரே பழைய கையெழுத்துப்படி 1870-இல் ஸ்திராஸ்பூர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது சாம்பலானது. அதற்கு முன்பே பிரதியெடுத்து வைத்திருந்ததால் நமக்கு மிஞ்சியது. அக்கிரமக்காரரும் அவபக்தியுள்ளவருமான நாம் தேவகுமாரன் ஒருவருக்குள்ளேயன்றி வேறு யாருக்குள் நீதிமான்களாக்கப்பட முடியும் என்று கேட்டு, "இனிய பரிமாற்றமே!" என்று அந்த ஆசிரியர் வியக்கிறார். அநேகருடைய அக்கிரமம் நீதியுள்ள ஒருவருக்குள் மறைக்கப்படுகிறது, ஒருவருடைய நீதி அநேக அக்கிரமக்காரரை நீதிமான்களாக்குகிறது. "அவருக்குள்" என்ற அந்தச் சிறிய உருபிலே தீர்ப்பும் ஐக்கியமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பவுலிடமும் அப்படித்தான். கலாத்தியர் 2:16-இல் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைச் சொன்னவர், அடுத்த வசனத்திலேயே கிறிஸ்துவுக்குள் நீதிமான்களாக்கப்படுவதைப் பேசி, 20-ஆம் வசனத்தில் இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார் என்று முடிக்கிறார். இடையில் அவர் தலைப்பை மாற்றவில்லை.

அகஸ்தீனும் இதை அறிந்திருந்தார் என்பது எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியாக இருந்தது. கிழக்கின் ஐக்கியப் போதனைக்கு எதிர்ப்பக்கம் அவரை நிறுத்துவதே வழக்கம். ஆனால் அவருடைய எண்ணிக்கையில் 49-ஆகவும் நம் வேதாகமத்தில் 50-ஆகவும் உள்ள சங்கீதத்துக்கு அவர் சொன்ன விளக்கத்தில் இந்த வாக்கியம் இருக்கிறது: நீதிமானாக்குகிறவரே தெய்வமயமாக்குகிறார், ஏனெனில் நீதிமான்களாக்குவதினால் அவர் தேவனுடைய பிள்ளைகளை உண்டாக்குகிறார். அவருக்கு இவை இரண்டு வேலைகளே அல்ல. ஒரு பிள்ளையைச் சுவிகாரம் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். பத்திரம் எழுதிக் கையெழுத்தானதும் அந்தப் பிள்ளை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளை, அது தீர்ப்பு. ஆனால் யாரும் பத்திரத்தை மட்டும் எழுதிவிட்டுப் பிள்ளையை அநாதை இல்லத்திலேயே விட்டுவருவதில்லை. அன்றிரவே அது அந்த வீட்டுத் தட்டில் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பாயில் படுக்கிறது. போகப்போக அந்த வீட்டுப் பேச்சும் நடையும் அதற்கு வந்துவிடுகின்றன.

ஆகவே என் முடிவு, ஐக்கியத்தை அடித்தளமாக வைப்பது, தீர்ப்பையும் மாற்றத்தையும் அதற்குள்ளே கற்பிப்பது. திருப்பிப்போட்டால் பயன் குறைகிறது. தீர்ப்பை அடித்தளமாக வைத்தால் ஐக்கியம் கூடுதல் இணைப்பாகிவிடுகிறது. மாற்றத்தை அடித்தளமாக வைத்தால் தீர்ப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஐக்கியத்திலிருந்து தொடங்கினால், கிறிஸ்துவுக்குள் இருப்பவனுக்குக் கிறிஸ்துவின்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பே சொல்லப்படுகிறது என்பதும், கிறிஸ்துவுக்குள் இருப்பவனிடத்தில் கிறிஸ்துவின் ஜீவன் வேலை செய்யாமலிராது என்பதும் இழுத்துச் சேர்க்காமலே வந்துவிடுகின்றன. ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் வரிசையை மாற்றுவேன். மனச்சாட்சி நசுங்கிக் கிடப்பவரிடம் பேசும்போது தீர்ப்பையே முதலில் சொல்வேன். அங்கே அடித்தளத்தை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

வகுப்பின் வரிசையையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறேன். முதல் வாரம் ரோமர் 1-ஐத் திறக்காமல் ஆறாம் அதிகாரத்தைத் திறக்கிறோம். எருசலேம் சபையில் நான்காம் நூற்றாண்டில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட, சிரில் என்ற மற்றொரு பேராயரின் பெயரால் வழங்கும் போதனைகளை அன்று பயன்படுத்தப் போகிறேன். மேற்கு நோக்கி நின்று சாத்தானை மறுத்து, கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டு, பழைய உடையைக் களைந்து, எண்ணெய் பூசப்பட்டு, தண்ணீருக்குள் மூன்று முறை மூழ்கி எழுந்தவர்களிடம், அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையும் தாயுமாயிற்று என்று ஆசிரியர் சொல்கிறார். நாம் மெய்யாக மரிக்கவில்லை, மெய்யாக அடக்கம்பண்ணப்படவில்லை, சாயலில் அவரைப் பின்பற்றினோம். இரட்சிப்போ மெய்யானது என்றும் சொல்கிறார். ஞானஸ்நானம் பாவமன்னிப்பு மட்டும், அல்லது புத்திரசுவிகாரம் மட்டும் என்று யாரும் எண்ணவேண்டாம், அது கிறிஸ்துவின் பாடுகளில் பங்குபெறுவதும்கூட என்று தொடர்ந்து எச்சரிக்கிறார். எங்கள் வகுப்பில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் கைக்குழந்தைகளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், அந்த நாள் அவர்கள் நினைவில் இல்லை. அதனால் ஆலயத்து ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு அந்த வகுப்பை நடத்த ஆயரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

மூன்றாம், நான்காம் அதிகாரங்களுக்கு ஐந்தாவது வாரத்தில் வருகிறோம். மறைந்துபோன பாட்டியின் கேள்வியை அந்த வாரத்துக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அன்று தியோக்னேத்துவுக்கு எழுதிய கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை, விளக்கம் எதுவும் சொல்வதற்கு முன், வகுப்பில் ஒருவர் எழுந்து நின்று உரக்க வாசிப்பார்.